பத்மா அக்காவுக்குப் பெரிய வீட்டுக் கதையின் முடிவைக் கொண்டுபோன பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். பதினொரு கிலோமீற்றருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். குண்டு வெடிக்கிற இந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழன் டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது, நான் லண்டனுக்கு மூன்று முறை வெளிக்கிட்டதைவிடக் கஷ்டம். (மூன்று முறையும் விசா கிடைக்கவில்லை. அது வேறு கதை.)

காரணத்தைச் சொல்கிறேன். காலி வீதிக் கடையொன்றில் ஒரு பழைய ஆங்கிலத் தொடர்நாடகத்தின் டிவிடிகள் கண்ணில் பட்டன. தமிழருக்கெதிரான 83 கலவரத்துக்கு முன்னர் வாரம் ஒருநாள் டிவியில் போனது. இங்கிலாந்து நாட்டுப்புறம், ஒரு பெரிய வீடு, துரைமார், சமையல்காரிகள், குதிரைகள், யுத்தத்துக்குப் போன அந்த வீட்டு மகன். நாங்கள் ‘பெரிய வீட்டுக் கதை’ என்போம். எங்கள் ஒழுங்கையில் டிவி இருந்தது பத்மா அக்கா வீட்டில் மட்டும். முப்பது பேர் நிலத்தில் இருந்து பார்ப்போம். ஒருவருக்கும் ஆங்கிலம் ஓடாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன் என்றாலும் முகத்தைப் பார்த்தே வசனம் சொல்லுவேன். சமையல்காரிக்கு நான் கொடுத்த வசனங்களைக் கேட்டிருந்தால் நாடகத்தை எழுதியவனே களவெடுத்திருப்பான்.

கடைசிப் பகுதி வருவதற்குள் கலவரம் வந்தது. அக்காவின் வீட்டை எரித்தார்கள். டிவியைப் பத்திரமாக வெளியே எடுத்த பிறகுதான் எரித்தார்கள். அகதி முகாமில் ஒருநாள் அக்கா கேட்டார், "தம்பி, சண்டைக்குப் போன அந்தப் பெடியன் திரும்பி வந்தவனோ?" வந்தவன் என்றேன். ஓர் அமைச்சர் வீட்டில் கடைசிப் பகுதியைப் பார்த்ததாகவும் சொன்னேன். பனி கொட்ட, வெள்ளைக் குதிரையில் வந்து இறங்குகிறான், தாய் வாசலுக்கு ஓடிவருகிறாள். முகாமில் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை கலியாண வீடுகளில் சொன்னேனோ தெரியாது. கடைசியில் நானே அந்தக் குதிரையைப் பார்த்தவன் ஆகிவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவின் ஒரே மகன் ரூபனை வேலைக்குப் போகும் வழியில் ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எப்போது ஃபோன் எடுத்தாலும் அக்கா சொல்வது ஒன்றுதான்: "அந்தப் பெடியனும் நாலு வருஷம் கழிச்சு வந்தவன்தானே." ஓம் அக்கா என்பேன். டிவிடியைக் கண்டதும் அவருக்கு வாங்கியது அதனால்தான். வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் சொன்ன முடிவை எவன் சரிபார்ப்பான்?

காலை 9.10க்கு 155ஆம் இலக்க மட்டக்குளி பஸ். கட்டணம் 22 ரூபா. மருதானைக்குக் கிட்ட எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டும் காட்டினேன். பிளேயரின் வயர்களைக் கண்டதும் பொலிஸ்காரர் "மேக்க மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். என் சிங்களம் பாராளுமன்றத்தில் பேசக்கூடிய சிங்களம், விளக்கினேன். டிவிடி உறையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரிகளைக் காட்டி யார் இவர்கள் என்றார். என் சொந்தக்காரர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றேன். பஸ் போய்விட்டது. அங்கிருந்து ஓட்டோவுக்கு 150 ரூபா.

ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை. அக்கா பாதியாகியிருந்தார். "வாடா மொழிபெயர்ப்பு," என்றார். "இவ்வளவு வயர் கொண்டுவந்தும் உன்னை விட்டாங்களோ?"

"என்னைப் பிடிச்சா அவங்களுக்குத்தானே கரைச்சல், அக்கா. கதைச்சே சாகடிச்சிடுவன்."

நேரே கடைசி டிவிடியைப் போடச் சொன்னார். வழக்கம்போல வசனம் சொல்லத் தொடங்கினேன். பெரிய வீட்டு வாசலில் தபால்காரன் வந்தான். தாய் ஒரு தந்தியைப் பிரித்தாள். அப்படியே படியில் இருந்தாள். அடுத்த காட்சியில் எல்லாரும் கறுப்பு உடுத்திருந்தார்கள். குதிரை வரவில்லை.

"இது வேறை முடிவு, அக்கா," என்றேன். "வெளிநாட்டுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு எண்டு எடுக்கிறவங்கள்."

"நீ அப்ப பார்த்தனியோ?"

"அமைச்சர் வீட்டிலை..."

"தம்பி. பார்த்தனியோ?"

"இல்லை அக்கா."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் திரையைத்தான் பார்த்தார். "அவவுக்குத் தந்தியாவது குடுத்திருக்கிறாங்கள். பேர் போட்டு, எங்கை, எப்ப எண்டு எழுதி, வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்திருக்கிறாங்கள். நான் பொலிஸ், ஆமி எண்டு எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனான்? ஒருத்தன் ஒரு துண்டு தந்தவனோ?" பிறகு சொன்னார், "திருப்பிப் போடு. அந்தத் தந்தி வாற இடம்."

போட்டேன். நான்கு முறை போட்டேன். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன் ஏறுங்கள். பதிவுத் துண்டை மேல் சட்டைப்பையில் வையுங்கள், வயர் உள்ள சாமான் எதுவும் வேண்டாம். மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். பிள்ளையைத் தேடும் ஒரு தாய் உங்களிடம் முடிவு கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது. சொன்னபோது, அவருக்கு ஏற்கனவே ‘தெரியாது’ என்பதும் போதாமல் போயிருந்தது; ஒரு தந்திதான் வேண்டியிருந்தது.