கோமளா ஒப்புக்கொண்டது

கோமளாவைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன். எட்டு மாதமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நியாலாஸ் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது பத்தொன்பது. அப்பா அங்கமுத்து குலை வெட்டுகிறவர். அவர் தாலி கட்டியது தோட்டத்து மாரியம்மன் கோயிலில், அரசாங்கத்தில் பதியவில்லை. பிள்ளையின் பெயரைப் பதியப் போனபோது தாயின் அடையாள அட்டையை, ஐசியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தம்மாவிடமே ஐசி கிடையாது. திரும்பி வந்தவர், அப்புறம் போகலாம், அப்புறம் போகலாம் என்றே இருந்துவிட்டார். அந்தம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். தலைமையாசிரியர் புண்ணியத்தில் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தாள் கோமளா. பிறப்புப் பத்திரம் இல்லாதவளை அதற்கு மேல் எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு அப்பாவோடு இருந்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் விஜயராணி. ஆயர் குரோவில் ஒரு பள்ளியில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. வாய் கொஞ்சம் நீளம். எங்கள் இளைஞர் சங்கம் பன்னிரண்டு பிள்ளைகளை மஸ்ஜித் தானா பக்கத்துக் கடற்கரைக்கு ஒரு வாரப் படகுப் பயிற்சிக்கு அனுப்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேர் முன்னால் பேசவே நடுங்குகிறார்கள், கடலில் இறக்கிவிட்டால் தைரியம் தானாக வரும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவள் நான்தான். பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பட்டியலில் கோமளாவின் பெயர் பவானேஸ்வரி. அவள் கொண்டுவந்தது பெரியப்பா மகளின் ஐசி. படத்தில் சாயல் ஒத்துப்போனது; நானும் உற்றுப் பார்க்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். காது செவிடா என்று இரண்டு தடவை எரிந்து விழுந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் ரோஸ்லான், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்னப் பாய்ப்படகு, ஆளுக்கு இருவர். திங்கட்கிழமை கோமளா படகின் விளிம்பைப் பிடித்த கையை விடவேயில்லை. காலையில் பசியாறிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, முழுவதும் கடலுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தச் சொன்னார். இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் வெளியே வந்தாள். மறுபடி ஏறு என்று கரையிலிருந்து கத்தினேன். ஏறினாள். புதன்கிழமை சுக்கானைப் பிடித்தாள். அன்று காற்று ஓங்கி அடித்ததில் அவளோடு இருந்த திலீப் தண்ணீரில் விழ, படகும் கவிழ்ந்தது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகை மேல் ஏறி நின்று, மூட்டை தூக்கிய தெம்பில் படகை நிமிர்த்தினாள். பிறகு திலீப்பை லைஃப் ஜாக்கெட்டோடு பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். அதிலிருந்து எல்லாருக்கும் அவள் கேப்டன். வாய்விட்டுச் சிரிக்கிற பெண் என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

ரோஸ்லானுக்கும் பிடித்துப்போனது. அடுத்த வாரமே தன்னிடம் உதவியாளாக வேலைக்கு வரச் சொன்னார். தோட்டத்தை விட்டு வெளியே அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஒரே நிபந்தனை, ஐசியைக் கொண்டுவந்து பதிந்துகொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை காலை பாய்களை அலசும்போது என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்று கண்டபடி திட்டினேன். அவள் தலை குனியவில்லை. அக்கா தப்புதான், ஆனால் இந்த வேலையைச் சொந்தப் பேரில்தான் செய்வேன் என்றாள். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

உடனே வழியும் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்த ஊரில் எந்தக் காகிதம் தொலைந்தாலும் முதல் வேலை போலீஸ் ரிப்போர்ட். அது இல்லாமல் எந்தக் கவுண்டரிலும் ஒன்றும் நகராது. பள்ளியில் இருபது வருஷமாக எத்தனை பெற்றோரை அனுப்பியிருப்பேன். இதுவும் அந்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன். சனிக்கிழமை ரிப்போர்ட் போடுவோம், திங்கட்கிழமை அதைக் காட்டிப் பதிவு இலாகாவில் மனுக் கொடுப்போம், ரோஸ்லானிடம் நானே தவணை கேட்கிறேன் என்றேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னேன்.

"பிடிச்சு வச்சுக்க மாட்டாங்களாக்கா?"

"யாரு பிடிக்கிறது? நீ இங்க பொறந்தவ-லா. உள்ளத உள்ளபடி சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

வெள்ளிக்கிழமையும் படகு ஓட்டினாள். மாலையில் அவளுடைய சான்றிதழில் பவானேஸ்வரி என்ற பெயருக்குக் கீழே தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் ஓர் இளம் அதிகாரி. அவளை அடிக், தங்கச்சி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கோமளா மலாயில் தெளிவாகச் சொன்னாள்: எனக்கு ஐசி இல்லை, என் பெரியப்பா மகளின் ஐசியைக் காட்டினேன், எனக்குச் சொந்த ஐசி வேண்டும். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒரு பெண் அதிகாரி வந்து கோமளாவைத் தனியாக உட்காரவைத்தார். அடுத்தவர் ஐசியைப் பயன்படுத்துவது குற்றம், விசாரணை முடியும்வரை இவள் வெளியே போக முடியாது என்றார். பவானேஸ்வரியையும் கூப்பிட ஆள் அனுப்பினார்கள்.

அங்கமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. காலில் தோட்டத்து பூட்ஸ். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம், தாலி கட்டிய அன்று எடுத்த படம் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். யாரும் தொடவில்லை.

அந்தப் பெண் அதிகாரி என் பக்கம் திரும்பினார். உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரிந்து மறைத்திருந்தால் உங்கள் மேலும் வழக்கு வரும் என்றார். என் வேலை, என் இரண்டு பிள்ளைகள், அந்தச் சான்றிதழில் என் கையெழுத்து, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. தெரியாது என்றேன். ஐசி தொலைந்துவிட்டது, ரிப்போர்ட் போட வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிவந்தாள் என்றும் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

அவர் கோமளாவிடம், அப்படித்தானா என்று கேட்டார். கோமளா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆமாம், இந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் ஏமாற்றினேன் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

என்னைப் போகலாம் என்றார்கள். வாசல் வரை அங்கமுத்து கூடவே வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"எம்புள்ள உங்கள ஏமாத்திப்புட்டாளேம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.