செக்கிங் அக்காவை ஏற்றிவிட்ட நாள்

மூட்டையண்ணனுக்கு அந்தப் பெயர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "அந்த கவரைக் கொண்டுபோய் மூட்டைகிட்ட குடு" என்றார்கள். ஏதோ மூட்டை கிடக்கும் இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்று தேடினேன். ஒரு ஆள் திரும்பிப் பார்த்து, "நான்தான் தம்பி, குடு" என்று கையை நீட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடி லென்ஸ் வெட்டும் பட்டறை. பதினோரு பேர். கடைகளிலிருந்து பிரேமும் சீட்டும் வரும். சீட்டில் இருக்கும் பவருக்கு லென்ஸ் எடுத்து, பிரேமின் வடிவத்துக்கு அதை ராவி வெட்டுவது மூட்டையண்ணன் வேலை. பதினாறு வருடமாக அதே மெஷின், அதே முக்காலி. சில லென்ஸுகளைக் கோணம் பார்த்து வெட்ட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி திரும்பிவிட்டால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். வெட்டியதை ஃபிட்டர் பிரேமில் மாட்டுவார். அது செக்கிங் மேசைக்குப் போகும். அங்கே ஒரு அக்கா பவர் மெஷினில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவார். கடைசியில் நான் உறையில் போட்டுக் கட்டுவேன்.

பட்டறையில் பேச்சுக்கு ராஜா ஃபிட்டர்தான். காலையில் மூட்டையண்ணன் படியேறும் சத்தம் கேட்டதும், "பூமி அதிருதுடா, மெஷினை எல்லாம் பிடிச்சுக்கோங்க" என்பார். மத்தியானம் டப்பாவைத் திறந்தால், "எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு வீட்ல கேட்டுட்டு வந்தியா?" என்பார். மூட்டையண்ணன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் நாலு வரும் என்று அவருக்குத் தெரியும்.

செக்கிங் அக்கா மட்டும் அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒற்றை ஆள். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பக்கத்து மேசை என்பதால் மூட்டையண்ணனிடம் கொஞ்சம் பேசுவார்.

அந்த வருடம் பட்டறைக்கு நல்ல வருமானம். முதலாளி எல்லாரையும் ஒரு நாள் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். பஸ், டிக்கெட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவர் செலவு. பிள்ளைகள் இருந்தால் ஒன்றைக் கூட்டி வரலாம். மூட்டையண்ணன் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டி வந்தார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தபடி அவர் பஸ் படியில் கால் வைத்ததுமே ஃபிட்டர் பின் சீட்டிலிருந்து கத்தினார்.

"மூட்டை ஏறுது! டிரைவர் அண்ணே, டயரைப் பாத்துக்கோங்க!"

பஸ் சிரித்தது. அந்தப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

"யாரைப்பா மூட்டைங்கிறாங்க?"

"பின்னாடி சாமான் மூட்டை ஏத்துறாங்கம்மா. நீ உட்காரு."

அவர் வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்குப் பின் சீட்டில் நான். முன் சீட்டில் மூட்டையண்ணன், நடுவில் மகள், ஜன்னலோரம் செக்கிங் அக்கா. அக்கா அன்றைக்கென்று புதிதாக வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு உடை வாங்கிப் போட்டிருந்தார். கழுத்தில் விலைச் சீட்டின் நூல் கூட இன்னும் தொங்கியது. பிள்ளை தூங்கிய பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு உயரம் ஆகாது. ரெண்டாவது மாடியில நின்னு கீழே பாத்தாலே அடக்க முடியாமப் போயிடும். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அதனால என்னை எதுலயும் ஏறச் சொல்லாம நீங்கதான் பாத்துக்கணும். நான் கீழேயே உட்கார்ந்து உங்க பொண்ணைப் பாத்துக்கிறேன்."

"அட, இதுக்குப் போய் ஏன்க்கா கவலைப்படுறீங்க? நான் இருக்கேன்ல."

இதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தூங்குவது போல் இருந்தேன்.

பார்க்கில் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. தண்ணீர்ச் சறுக்கு, சுற்றும் கோப்பை, சின்ன ரயில். அக்கா எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் கை காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கோபுரத்துக்கு வந்தோம். சுற்றிலும் பன்னிரண்டு இருக்கைகள். மெதுவாக உச்சிக்குக் கொண்டுபோய், ஒரு நிமிஷம் அங்கேயே நிறுத்தி, சட்டென்று கீழே விட்டுவிடும். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு எடை மெஷின் இருந்தது. நூற்றிப் பத்து கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று பலகை.

ஃபிட்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"மூட்டையை ஏத்துங்கடா! நான் நூத்தி முப்பதுங்கிறேன். யார் என்னோட பந்தயம்? தோத்தவன் எல்லாருக்கும் ஐஸ்கிரீம்!"

ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொன்னார்கள். நானும் நூற்றி இருபத்தைந்து என்றேன். யாரோ கைதட்ட ஆரம்பித்து, "மூட்டை, மூட்டை" என்று தாளம் போட்டார்கள். வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடத் திரும்பி நின்று பார்த்தார்கள். மூட்டையண்ணன் வழக்கம்போல் வயிற்றைத் தட்டினார். ஆனால் சிரிப்பு வரவில்லை; உதடு ஒரு பக்கமாகக் கோணியது. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு தன் விரல்களை மெல்ல உருவிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள், வேறு யாருடைய பிள்ளையோ போல.

அதை அவர் பார்த்தார். அடுத்த நொடி ஃபிட்டரின் தோளில் கை போட்டுத் தன் பக்கம் இழுத்து, காதில் ஏதோ சொன்னார். ஃபிட்டரின் முகம் விரிந்தது.

"நிஜமாவா?"

"நிஜமா. வேணும்னா ஏத்திப் பாரு. ஐயோ, என்னை விடு, இதுதான் இன்னிக்கு வேடிக்கை."

இருவரும் பெஞ்சுக்குப் போனார்கள். ஆளுக்கொரு கையாக அக்காவைப் பிடித்துத் தூக்கினார்கள். பைகள் மடியிலிருந்து சரிந்து விழுந்தன.

"தம்பி, வேண்டாம்," என்றார் அக்கா. ஃபிட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூட்டையண்ணனை மட்டும் பார்த்துச் சொன்னார். "தம்பி, நான் சொன்னேனே."

"ஒண்ணும் ஆகாதுக்கா. ஒரு நிமிஷந்தான். எல்லாரும் ஏறுறாங்க, நீங்க மட்டும் உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கு?"

அக்கா காலை ஊன்றிப் பார்த்தார். ஆனால் பத்துப் பேர் சுற்றி நின்று கைதட்டும்போது ஓர் ஆள் எவ்வளவு நேரம் மறுக்க முடியும்? உரக்கக் கத்தவும் அவருக்கு வெட்கம். இருக்கையில் உட்கார வைத்ததும், மார்புக்குக் குறுக்கே வரும் கம்பியைக் கீழே இறக்கி அழுத்தியது மூட்டையண்ணன்தான். 'க்ளிக்' என்ற சத்தம் எனக்குக் கேட்டது. இயக்குகிறவன் சலித்த முகத்தோடு, "எல்லாரும் சரியா?" என்றான். "சரி, சரி!" என்று ஃபிட்டர் பதில் சொன்னார்.

மேலே போகும்போது அக்காவின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதற்கே ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. உச்சியில் நின்றபோது அவர் குரலே கேட்கவில்லை. மற்ற இருக்கைகளில் இருந்த வெளியாட்கள் கூச்சல் போட்டுக்கொண்டே விழுந்தார்கள். கம்பி திறந்ததும் அந்தப் பதினொரு பேரும் எழுந்து வந்தார்கள். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. இயக்குகிறவன், "இறங்கும்மா, அடுத்த ஆள் ஏறணும்" என்றபோது எழுந்தார். சாம்பல் நிறத்தில் ஈரம் கறுப்பாகத் தெரியும். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் தெரிந்தது.

முதலில் உரக்கச் சொன்னது அந்தப் பிள்ளைதான்.

"அப்பா! ஆன்ட்டி ஒண்ணுக்குப் போயிட்டாங்க!"

சொல்லிவிட்டு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துச் சிரித்தாள். மூட்டையண்ணன் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "குழாயை யாருப்பா திறந்து விட்டது?" என்றார். பட்டறை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நானும்தான். என் பையில் ஒரு துண்டு இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்களோ என்று பயம்.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு நீளமான ஒரு மேசை. சோறு, கோழி, மீன், நாலு வகைக் காய், ஐஸ்கிரீம். அக்கா கழிப்பறையில் அலசிப் பிழிந்த உடையோடு மூலையில் ஒரு சின்ன மேசையில் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி தாமதமாகத்தான் வந்தார்.

"அவங்க ஏன் தனியா?"

ஃபிட்டர் நடந்ததை நடித்தே காட்டினார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாவம்பா, பாவம்" என்றார். பிறகு மூட்டையண்ணனின் முதுகில் தட்டி, "நீ இவ்வளவு தமாஷான ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. வா, இங்க வந்து உட்காரு" என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மகளும் அப்பாவோடு போய் உட்கார்ந்தாள். முதலாளியே அவள் தட்டில் கோழித் துண்டை எடுத்து வைத்தார். அன்று மூட்டையண்ணன் மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தார். ஃபிட்டர், "குழாய் வந்தாச்சு" என்றார். அதற்குப் பிறகு மூட்டை என்ற பெயர் அந்தக் கூடத்தில் அநேகமாகக் கேட்கவே இல்லை. ஃபிட்டர் அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார். மூட்டையண்ணனும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது, "குழாயை மூடுங்கப்பா, தண்ணி வீணாப் போகுது" என்பார். அக்கா பவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அவர் செய்தது ஒன்றுதான். மூட்டையண்ணனுக்கு மெஷின் வேலை பழகிய வேலைதான், ஆனால் கை அவசரக்கை. வாரத்துக்கு ஏழெட்டு லென்ஸ் கோணம் தவறிப் போகும். அத்தனை வருடமாக அக்கா அவற்றைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் தள்ளிவிடுவார். அவரும் முதலாளி வருவதற்குள் வேறு லென்ஸ் எடுத்து வெட்டித் தந்துவிடுவார். இது எங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது அக்கா தவறான ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். தேதி, சீட்டு எண், எத்தனை டிகிரி, வெட்டியவர் யார். மூன்றாவது வாரம் மூட்டையண்ணன் அவர் மேசைக்கு வந்து நின்றார்.

"அக்கா, இது ரெண்டு டிகிரிதானே. முன்னாடி எல்லாம் என்கிட்டயே குடுப்பீங்களே."

"முன்னாடி குடுத்தேன். இப்ப எழுதுறேன்."

"அன்னிக்கு ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. வேணும்னா கால்ல விழறேன்."

"விழுந்தா எந்திரிக்கக் கஷ்டப்படுவீங்க. போய் வேலையைப் பாருங்க."

குரலில் கோபமே இல்லை. மூன்றாவது மாதம் முதலாளி நோட்டைப் பார்த்தார். பாழான லென்ஸுகளை ஒரு தட்டில் கொட்டி எல்லார் முன்னாலும் மூட்டையண்ணனை நிற்க வைத்தார். அவர் முக்காலியிலிருந்து எழுப்பப்பட்டு என் இடத்துக்கு, உறை கட்டும் மேசைக்கு வந்தார். சம்பளமும் இறங்கியது. மெஷினில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வருடக் கடைசியில் அவர் மகளுக்குக் கண்ணாடி போடும்படி ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு நேரே பட்டறைக்கு வந்தாள். சீட்டை வாங்கி நான்தான் வெட்டினேன். ஃபிட்டர் மாட்டினார். பிள்ளை செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று, அக்காவைப் பார்த்துச் சிரித்தது.

"ஆன்ட்டி, அடுத்த வருஷமும் அந்தக் கோபுரத்துல ஏறுவீங்களா?"

உறை கட்டும் மேசையில் மூட்டையண்ணன் தலை நிமிரவே இல்லை. கையில் இருந்த காகிதத்தை மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியை மெஷினில் வைத்து ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார். நோட்டை இழுத்து என் பெயரை எழுதினார்.

"இடது கண்ணு நாலு டிகிரி தப்பு," என்று என்னிடம் நீட்டினார். "இதைப் போட்டா பிள்ளைக்குத் தலை வலிக்கும். வேற வெட்டு."

பிறகு பிள்ளையிடம், "அரை மணி ஆகும். அப்பா பக்கத்துல போய் உட்காரு" என்றார்.

பிள்ளை உறை கட்டும் மேசையைப் பார்த்தது. அங்கே போகவில்லை. ஃபிட்டரின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டது.