மிஷின் மிதித்துப் பாடுகிறவள்

என் அக்காவுக்குப் பாட வராது என்று முதன்முதலில் சொன்ன ஆள் நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது, அவளுக்குப் பதிமூன்று. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரும் அதையே சொல்லி, அவளைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார். "உன் குரல் தனியாத் தெரியுதும்மா, மத்த பிள்ளைங்க பாடுறதே கேக்கல" என்றாராம். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தவளிடம், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கேட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அப்படி ஒரு கட்டைக் குரல். போனை எடுத்து "யாரு?" என்றால் எதிர்முனையில் இருப்பவர் "வணக்கம் சார்" என்பார். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் இருபத்தைந்து வருஷமாக மேடையேறிக்கொண்டிருக்கிறாள். கேட்க வருகிறவர்களுக்கு அவள் தையல்கார அக்கா. எனக்கு வெறும் அக்கா, கோபம் வந்தால் 'ஏய்'.

பதினெட்டு வயதில் சீருடை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். நாள் முழுக்கக் காலர், வேறு எதுவும் கிடையாது. பேசினால் மேஸ்திரி வள்ளென்று விழுவார். பாடினால் மட்டும் ஏனோ கண்டுகொள்ளமாட்டார். அங்கேதான் மிதிக்கிற வேகத்துக்கு அவள் வாயில் சொல் விழ ஆரம்பித்தது. பிறகு தனியாகக் கடை போட்டாள். தெருவைப் பார்த்த ஒற்றை அறை, கதவை ஒட்டி மிஷின், பக்கச் சுவரில் ஒரு ஜன்னல், எதிரே ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை, அந்தண்டை இஸ்திரி மேசை.

அவள் பாட்டில் நிலா வராது, காதல் வராது. அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பெரிய மனுஷர் வருவார். செத்துப்போன கணவரின் சட்டைகளைத் தன் அளவுக்குச் சின்னதாக்கித் தரச்சொல்லிக் கொண்டுவந்த பெண் வருவார். அந்தச் சட்டைப் பாட்டை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வேன்.

பாட்டை எழுதிவைக்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. வரி ஒன்று தோன்றினால், கையில் இருக்கிற துணியின் உள்பக்கத்தில் தையல் சாக்கால் கிறுக்கிவைப்பாள். அப்படித்தான் ஒரு பேங்க் மேனேஜர் ஒரு நாள் பேன்ட்டும் கையுமாக வந்து நின்றார். "ஏம்மா, இதுக்குள்ள 'இடுப்பு சொல்லும் பொய்'னு என்னமோ எழுதியிருக்கே?" என்று கேட்டார். அக்கா முழித்தாள். "அது அளவுக் குறிப்பு சார்" என்று நான்தான் புளுகி அவளைக் காப்பாற்றினேன்.

மேடைக்கும் அந்தக் கால்மிஷினையே வேனில் ஏற்றிக்கொண்டு போவாள். சும்மா வெறும் மிஷினை மிதித்தால் அவளுக்குப் பாட்டு வராது, நிஜமாகவே தைக்கவேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு தலையணை உறை. பாடிக்கொண்டே வருகிறவள் நடு வரியில் டக்கென்று நிறுத்துவாள். தையல் மூலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தி, துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை மறுபடி இறக்குவாள். அதுவரை அந்த வரி அந்தரத்தில் நிற்கும், கேட்கிறவர்கள் மூச்சுவிடமாட்டார்கள். கடைசியில் உறையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒரு தடவை ரேடியோவில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த சவுண்டுக்காரர் நல்ல மனுஷர், மிஷின் சத்தம் மொத்தத்தையும் துடைத்து எடுத்துவிட்டு, "இரைச்சல் எல்லாம் போச்சு, சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். ஒலிபரப்பில் கேட்டால் ஒரு கட்டைக் குரல் காரணமே இல்லாமல் நின்று நின்று பாடுகிறது. பாடுகிற அம்மாவுக்கு விக்கலா, தண்ணி கொடுக்க ஆள் இல்லையா என்று நாலைந்து பேர் போன் பண்ணிக் கேட்டார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன், வராமல் முடியாது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அக்காதான். வாடிக்கைக்காரர் ஒருவரின் தம்பி. "தங்கமான பையன்டி, எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது" என்றாள். உண்மைதான், அவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பேசுகிற பழக்கமும் இல்லை. கோபம் என்றால் கூடச் சண்டை போடலாம், அதுவும் கிடையாது. வாய் ஓயாத எனக்கு இப்படி ஒரு மனுஷர். ஒன்பது மாதம் ஓட்டினேன். ஒரு நாள் நடுப்பகலில் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரம் கழித்து அக்கா என்னைத் தேடிப்பிடித்துத் தன்னோடு கூட்டிப்போனாள். அவள் தைக்கத் தைக்க, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நான் வேலை பார்க்கிற கடையில் மட்டும், அவருக்கு வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். நூலக மாடியில் அக்காவின் கச்சேரி, முப்பது நாற்காலி. என் கடை முதலாளியம்மாவை நானே பெருமையாக அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தேன். நாலாவது பாட்டாக அக்கா இதை எடுத்தாள்:

ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர்,
ஒரு வாய் பேசும், ஒரு வாய் மெல்லும்,
என் தங்கச்சி சுவரோட பேசிப் பழகிட்டா...

முதலாளியம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது, அதை நிமிர்த்தக்கூடச் செய்யாமல் வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் மிஷின் நின்றது. மூலை வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்தப் பாட்டை அவள் அதற்குப் பிறகு எங்கேயும் பாடவில்லை.

ஒன்றரை வருஷம் அவள் முகத்தில் நான் விழிக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது, யார் எந்த நாள் பார்த்துக்கொள்வது என்று பேசித்தான் ஆகவேண்டியிருந்தது, பேசினோம். பேச்சு வந்தது, சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஆனால் அக்கா பாட்டுக் கட்டும் முறையை மாற்றிக்கொண்டாள். யாரைப் பற்றிப் பாட்டுக் கட்டினாலும் முதலில் அவரைக் கடைக்குக் கூப்பிடுவாள், கதவைச் சாத்துவாள், தைத்துக்கொண்டே அவருக்கு மட்டும் பாடிக்காட்டுவாள். "சரி" என்றால் மேடைக்குப் போகும். "வேண்டாம்" என்றால் அந்த உறையின் தையலை அவர் கண்ணெதிரே பிரித்துப்போடுவாள், அதோடு பாட்டும் போச்சு. மூச்சை இழுத்துப் பிடிக்கிற பெரிய மனுஷர் முதலில் வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு போனவர்தான். ஒரு மாதம் கழித்து மனைவியோடு வந்து, "இவளுக்கும் ஒரு தடவை பாடிக்காட்டுங்க" என்றார். அப்படி எல்லோரிடமும் கேட்டவள், என்னிடம் மட்டும் கேட்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. சளி என்றாள், கஷாயம் குடித்தாள். நான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். குரல் நாணில் கட்டி, ஆப்பரேஷன் பண்ணவேண்டும் என்றார். "உயிருக்குப் பயமில்ல. குரல் வரும். ஆனா இதே குரல் வருமான்னு நான் சொல்ல முடியாது." நாளும் குறித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் ஒருவர் என் கடைக்கு வந்து, ஃபிரேம் ஃபிரேமாக எடுத்து மாட்டிப் பார்த்தார். சோதித்தால் கண்ணில் ஒரு குறையும் இல்லை. "பவரே இல்லாம எதுக்கு சார் கண்ணாடி?" என்றேன். மனுஷர் வழிந்தார். சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறாராம், மிஷின் சத்தத்தோடு அக்காவின் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறாராம். காலேஜில் படித்தபோது அந்த நூலக மாடியில் முப்பது பேரில் ஒருவராக அவரும் இருந்திருக்கிறார்.

"அந்தப் பாதிப் பாட்டு என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குதுங்க. கேட்டா, 'அது என் தங்கச்சி பாட்டு. அவ சரின்னு சொல்லாம பாட மாட்டேன், அவகிட்ட போய்க் கேக்கவும் மாட்டேன்'ங்கறாங்க. ரெக்கார்டிங்குக்கு நாளன்னைக்குத்தான் கடைசி நாள். அதுக்கப்புறம் அவங்களுக்கு இந்தக் குரல் இருக்குமோ இருக்காதோ."

"என் மானத்தை ஊர் முழுக்கப் போட்டுக்காட்ட நீங்க யாரு சார்?" என்று எகிறிவிட்டேன். பாவம், ஒரு ஃபிரேமைக் கையில் பிடித்துக்கொண்டே வாசல் வரை போய், திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. என் முதலாளியம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், என் கணவராக இருந்தவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. இனி யாரிடம் எனக்கு வெட்கம்? ஆனாலும் அந்த மூன்று வரியை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அதே சமயம், இன்னும் ஆறு நாளில் அந்தக் கட்டைக் குரல் இல்லாமலே போகலாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே அக்கா கடைக்குப் போனேன்.

"பாடு" என்றேன்.

"எதை?"

"எதைன்னு தெரியாதா உனக்கு? நடிக்காத."

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். வெள்ளைத் துணி எடுத்து மடித்தாள். நூலை நனைத்து நனைத்துக் குத்தியும் ஊசிக்குள் போகவில்லை, நான்தான் கோத்துக்கொடுத்தேன். மிதிக்க ஆரம்பித்தாள். ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர். குரல் தேய்ந்து, காற்றாக வந்தது. சுவரோடு பேசும் தங்கச்சி வந்தாள், எனக்கு அதே இடத்தில் அதே மாதிரி வலித்தது. மூலை வந்தது. துணியைத் திருப்பினாள். என்னைப் பார்க்காமல் பாடினாள்:

நடுப்பகல்ல என் கதவை ரெண்டு தரம் தட்டினா,
தட்டுற கை யாருதுன்னு தட்டும்போதே தெரியும்.
மாப்பிள்ளை பார்த்த வாய் என்னன்னு பேசும்?
மிதிச்சேன், மிதிச்சேன், தட்டுறது கேக்காம மிதிச்சேன்.

வீட்டைவிட்டு வந்த அன்றைக்கு நான் விடுதிக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கடைக்குத்தான் வந்தேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பையோடு வெயிலில் நின்று தட்டினேன், திறக்கவில்லை, போய்விட்டேன். பாவம், மிஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தேன் என்றுகூட அவளிடம் சொன்னதில்லை.

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அடிப்பாவி!"

"ஆமாடி" என்றாள். "நான் பார்த்துக் கட்டிவெச்ச கல்யாணம். கதவைத் திறந்தா உன் மூஞ்சியைப் பார்க்கணும். பயந்துட்டேன்."

"இதை என்கிட்ட நேரே சொல்ல மாட்டியா? முப்பது பேர் முன்னாடிதான் சொல்லணுமா?"

"நேரே சொல்ல வாய் வரல. பாடினா வந்துடும்னு நினைச்சேன். நீ மூணாவது வரியிலயே எழுந்து போயிட்ட. கேக்காம உன் கதையைப் பாடினதும் தப்புதான். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிட்டுக் கேக்கறது?"

எனக்கு அவளை நாலு அறை அறையவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அழுதேன், அப்படி நான் அழுது பல வருஷமாகிறது. அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து பிளேடை எடுத்து, துணியை மடியில் போட்டு, முதல் தையலுக்கு அடியில் வைத்தாள்.

"வேணாம்னா பிரிச்சுடறேன்."

துணியை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"ரெண்டு தரம் இல்ல" என்றேன்.

"என்னது?"

"நான் மூணு தரம் தட்டினேன். ரெண்டு தரம் கதவை. அப்புறம் இந்தப் பக்கம் வந்து ஜன்னலை. மூணாவது உனக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு வேகமா மிதிச்சுட்டிருந்த. வரியைச் சரி பண்ணிட்டு அப்புறம் போய் ரெக்கார்டிங்ல பாடு."

அக்கா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிளேடைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து துணியை வாங்கி, ஊசியை இறக்கினாள். "மூணு தரம் தட்டினா" என்று எடுத்தாள், குரல் உடைந்து நின்றுவிட்டது.

"இன்னொரு தரம் பாடு" என்றேன்.