ஆத்து மணல்ல அடுப்பு பத்த வச்ச கதை

இன்னிக்கு லீவு. வூட்டுக்காரம்மாவையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயி மணிமுத்தாத்து மணல்ல டெண்ட் போட்டேன். வூட்டுலருந்து ரெண்டு கிலோமீட்டர்தான். ஆனா நான் குடுத்த பில்டப்பு இமயமலைக்கு.

"சின்ன கேஸ் அடுப்ப எடுத்துக்கலாங்களா?"ன்னு கெளம்பும்போதே வூட்டுக்காரம்மா கேட்டாங்க.

"நெருப்பு என் டிபார்ட்மெண்டு"ன்னுட்டேன்.

மூணு கல்லு வச்சு, சுள்ளி பொறுக்கிப் போட்டேன். முக்காவாசி தீப்பெட்டி காலி. புகை மட்டும் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போயிருக்கும்.

ஆடு மேய்ச்சிக்கிட்டிருந்த ஒரு அக்கா பொறுக்க முடியாம வந்துட்டாங்க. கல்லைத் திருப்பி, அடுப்பு வாயக் காத்தடிக்கிற பக்கம் வச்சாங்க. ஒரே குச்சிதான், பத்திக்கிச்சு.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பொண்ணு பெருமையா சொல்லிட்டா: "செராமிக் கம்பெனியில சூளை ஆபரேட்டர்! ஆயிரத்து இருநூறு டிகிரி!"

அது கேஸ் சூளை, அப்பா பட்டன்தான் அமுக்குறாருன்னு அவளுக்கு இன்னும் தெரியாது.

அக்கா மிச்சமிருந்த தீப்பெட்டிய என்கிட்ட குடுக்காம, பொண்ணு கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க.

நாளைக்கு மொத ஷிப்டு நான்தான். கம்பெனி மக்களே, லைக் போதும். கமெண்ட் வேணாம்.