குட்டி போட்டவளின் கோபம்

டில்லி கிட்வாய் நகரில் தெருநாய் குட்டி போட்டால் நெய் விட்டு ரவையில் சூஜி அல்வா கிண்டிக் கொண்டுபோய் வைப்பார்கள். பெற்றதற்குத் தெம்பு, வைத்தவர்களுக்குப் புண்ணியம். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் பிளாக் மாமி அல்வாவுக்குப் பதில் முந்திரி போட்ட ரவா கேசரி கொண்டுபோனாள். நாய் அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. வைத்த கையோடு திரும்பியிருக்கலாமே? சென்னைத் தங்கைக்கு வீடியோவில் காட்டவேண்டுமென்று மாடிப்படிக்கு அடியில் குனிந்து, கண் திறக்காத குட்டி ஒன்றைத் தூக்கியிருக்கிறாள். நாய் கையைக் கவ்விவிட்டது.

ஊசி போட்டுக்கொண்டு, கட்டோடு வந்து நின்றாள் மாமி. "அதுக்கு வெறி பிடிச்சுடுத்து டீச்சர். நாய் வண்டிக்குச் சொல்லியாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவள் நான். வெறியுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். கை நீண்டால் சோறு வரும் என்று அந்த நாய் எங்களிடம் பழகித்தான் வைத்திருந்தது. ஆனால் குட்டி பிறந்ததும் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் பாலையும் சுரக்க வைக்கும், பல்லையும் காட்ட வைக்கும். பழகிய கையென்று பார்க்காது. கொஞ்ச நாள் நாம் தள்ளி நின்றால் தானாக அடங்கிவிடும்.

"உங்க பொண்ணு பிள்ளை பெத்து வந்தப்ப என்னையே வாசல்ல நிறுத்திக் கை கழுவச் சொன்னீங்களே மாமி. நீங்க பண்ணா ஜாக்கிரதை, அது பண்ணா வெறியா?"

"அச்சா, மனுஷாளும் நாயும் ஒண்ணா? பாடமெல்லாம் கிளாஸ்ல எடுங்கோ."

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து நாயை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குட்டிகள் என்ன ஆகும் என்று ஒருத்தர் யோசிக்கவில்லை. எல்லாரும் படித்தவர்கள், பெரிய பெரிய ஃபைல் பார்க்கிறவர்கள். நான் திரும்பி வந்து டிராப்பரில் பால் விட்டேன், பாதி வழிந்தது. கண் தெரியாமலே சூட்டைத் தேடி ஊர்ந்து, சுவரில் முட்டிக் கத்தின. அந்தக் கத்தலை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிளாக் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: சத்தம் தாங்கவில்லை, குட்டிகளையும் அனுப்ப ஏற்பாடு செய்யவும். தாயைத் துரத்திவிட்டுச் சத்தமாம் சத்தம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

மாமி வீட்டுக் கதவு திறந்தது. பிள்ளை பெற்ற பெண் வெளியே வந்தாள். நைட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"எங்குழந்தை தூங்கிண்டிருக்கு டீச்சர். இதுகள் கத்தறச்சே எல்லாம் எனக்குப் பால் வந்துடறது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். துண்டோடு பின்னாலேயே ஓடிவந்த மாமியிடம் திரும்பினாள். "எனக்கே இப்படின்னா அங்க அதுக்கு எப்படிம்மா இருக்கும்? திரும்பக் கொண்டுவரச் சொல்லு."

மாமி கட்டுப் போட்ட கையாலேயே போனை எடுத்தாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் நாய் குதித்து ஓடி, குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கியது. ஒன்று மட்டும் அசையவில்லை. அதைத்தான் ரொம்ப நேரம் நக்கியது. பார்க்கச் சகிக்காமல் செத்த குட்டியை எடுக்கலாமென்று நான் ஓரடி வைத்தேன். என்னையும் பார்த்துப் பல்லைக் காட்டியது. காட்டட்டும், நானும் மனுஷிதானே.