அக்காவின் விடுமுறையும் ஒரு மணல்திட்டும்

போன வருடம், நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த வாரம். பத்து பாகாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் அந்த யோசனை வந்தது. அக்கா மருத்துவமனையில் தாதி. பெருநாளுக்கு மலாய்த் தோழிகள் ஊருக்குப் போனால் அவர்களுடைய வேலையையும் இவள்தான் சேர்த்துப் பார்ப்பாள். தீபாவளிக்கு அவர்கள் இவளுக்குப் பார்ப்பார்கள். அப்படி ஒன்பது நாள் ஓடிக் களைத்து அன்று காலை வீட்டுக்கு வந்தவள், ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்தாள். அது வாய்க்குப் போகவில்லை. கை தட்டிலேயே இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

எனக்கு மனதுக்குள் மணி அடித்தது. இவளை ஒரு நாள் முழுக்க, ஆள் அரவமே இல்லாத ஒரு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா இருக்க வைக்க வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு ஒரு நாள் விடுப்பு. எங்களூர்க் கடற்கரை சேறு. நடக்கலாம், குளிக்க முடியாது. அதனால் நாட்டின் மறுபக்கக் கரையில், மெர்சிங் பக்கம் தேடினேன். வரைபடத்தில் விரலால் கரையோரமாகவே நகர்ந்து போய், கடைசியில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் அங்கே கூட்டம் வந்துவிடும்.

எனக்கு எதையும் திட்டம் போட்டுத்தான் செய்யத் தெரியும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நாசி லெமாக் சோறு வாங்குவது, எப்போது படுப்பது, எப்போது நடப்பது என்று எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்தேன். அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் வார்டுக்கே போயிருக்கலாம் லா," என்றாள்.

ஆயர் ஹீத்தாம், குளுவாங், காஹாங் என்று செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரில் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகவில்லை. நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. வரிசையாகச் சவுக்கு மரங்கள், வெள்ளை மணல். அலை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன அலை. ஒரு மனிதர் இல்லை. அக்கா பாயை விரித்தாள், துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். தூக்கத்துக்குள் போய்விட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். எழுந்து நடந்தேன். வந்தேன். மறுபடி நடந்தேன். அப்போதுதான் கடலுக்குள் அந்த மணல்திட்டு கண்ணில் பட்டது. கரையிலிருந்து ஒரு பள்ளிக்கூடத் திடல் தூரம் இருக்கும். நாலு பக்கமும் பச்சைத் தண்ணீர், நடுவில் வெள்ளையாய் ஒரு கோடு. அங்கே போய் நிற்காமல் வீட்டுக்குப் போக முடியுமா?

கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. கடலோர ஊரில் வளர்ந்தவள் நான். தண்ணீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் எல்லாம் காட்டும் ஒரு செயலி என் தொலைபேசியில் எப்போதும் உண்டு. திறந்து பார்த்தேன். மதியம் ஒன்றேகால் வரை தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும் என்றது. அப்போது மணி பதினொன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அக்காவை எழுப்பினேன். அவள் திட்டிக்கொண்டேதான் வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுதான், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். நான் சொன்னபடி முழங்கால் அளவுதான் இருந்தது.

திட்டில் ஏறியதும் அவளே மாறிவிட்டாள். ஈர மணலில் கைகால்களைப் பரப்பிப் படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். வார்டில் ஒரு தாத்தா இவளைத் தினமும் வேறு வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நடித்துக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சிப்பி பொறுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள்.

"திட்டு சின்னதா ஆயிட்ட மாதிரி இல்ல?"

கழுத்தில் நீர் புகாத உறையில் தொங்கிய தொலைபேசியைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் வற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு மணி நேரம் இருக்கிறது என்று விளக்கினேன். அக்கா விரலை நீட்டினாள்.

"உன் போன் சொல்றது இருக்கட்டும். என் செருப்பு மிதக்குது பாரு."

மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் படம் எடுத்துக்கொண்ட மேட்டைக் காணவில்லை.

கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நேராக இறங்கினோம். முழங்கால், தொடை, இடுப்பு. பாதித் தூரம்கூடப் போகவில்லை, நெஞ்சுக்கு வந்துவிட்டது. கீழே தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. அக்காவின் கால் நழுவியது. ஒரு நொடி அவள் தலை உள்ளே போனது. எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை. இருமிக்கொண்டே திட்டுக்குத் திரும்பினோம். இப்போது திட்டிலேயே கணுக்கால் அளவு தண்ணீர்.

நான் கத்தினேன். கரையில் எங்கள் பாயையும் காரையும் தவிர எதுவும் இல்லை. அவசர எண்ணை அழைத்தேன், இணைப்பு கிடைக்கவில்லை. அக்கா மட்டும் பதறவே இல்லை. நோயாளியிடம் பேசும் அந்தக் குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"நீ நீந்திப் போயிடு. போய் ஆளைக் கூட்டிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."

"முடியாது."

"ரெண்டு பேரும் நின்னு என்ன செய்யப் போறோம்? போ டி."

பள்ளிக்கூடத்தில் நீச்சலில் பதக்கம் வாங்கியவள் நான். அந்தத் தூரம் எனக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை அப்படிப் பயமுறுத்தியது. நான் போகலாம், பிழைக்கலாம். ஆள் தேடித் திரும்பும்போது இங்கே யார் நிற்பார்கள்? அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் ஒரு குரல். இடது பக்கம், நன்றாகத் தள்ளி, மீன் பிடிக்கக் கடலில் வரிசையாக நட்டிருந்த கம்புகளின் ஓரமாக ஒரு மலாய்ப் பெண் இடுப்பளவு நீரில் நின்றிருந்தாள். தோளில் சிப்பிச் சாக்கு. அக்கா வயதுதான் இருக்கும். இரண்டு கையையும் வீசி, நேராக வராதே, கம்புக்கு வா, கம்பைப் பிடித்து வா என்று மலாயில் கத்தினாள்.

அவள் காட்டிய பக்கம் கரையை விட்டு விலகிப் போவது போல இருந்தது. எங்கள் கார் நேர் எதிரே தெரிகிறது, இவள் கடலுக்குள் கூப்பிடுகிறாளே என்று தோன்றியது. "அவங்க சொல்றதைக் கேளு," என்று அக்கா என்னை இழுத்தாள்.

நடந்தோம். ஆச்சரியமாக, அந்தப் பக்கம் தரை இறங்கவே இல்லை. இடுப்புக்கு மேலே தண்ணீர் போகவில்லை. முதல் கம்பு கைக்கு வந்ததும் அக்கா அதைக் கட்டிக்கொண்டாள். கம்பு முழுக்க ஒட்டுச் சிப்பி, உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. ஒரு கம்பு, அடுத்த கம்பு. முன்னால் அந்தப் பெண், நடுவில் அக்கா, கடைசியில் நான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நெஞ்சு வரை வந்தது. அங்கே அந்தப் பெண் சாக்கைக் கழற்றி அடுத்த கம்பில் மாட்டிவிட்டு, அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தாண்ட வைத்தாள். பிறகு இடுப்பு. முழங்கால். மணல்.

நான் மணலில் விழுந்து அழுதுவிட்டேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆற்று நீர் அறுத்த பள்ளம் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். கம்பு நட்டிருக்கும் வரிசைதான் மேடாம். எந்த ஊர் என்று கேட்டாள். பத்து பாகாட் என்றதும், கரையோரம் வளர்ந்த பிள்ளைகளா இப்படி என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைக் காட்டினேன். அவள் திரையின் மேலே விரலை வைத்தாள். அங்கே எங்களூர்ப் பெயர் இருந்தது. மேற்குக் கரையின் நேரத்தை வைத்துக்கொண்டு கிழக்குக் கரையில் இறங்கியிருக்கிறேன். நாங்கள் வந்து சேர்ந்தபோதே இங்கே தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"சானா லாவுட் லாயின், சினி லாவுட் லாயின்," என்றாள். அங்கே இருப்பது வேறு கடல், இங்கே இருப்பது வேறு கடல். சிரித்துவிட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

அக்கா என்ன திட்டப் போகிறாளோ என்று காத்திருந்தேன். அவள் தொலைபேசியை வாங்கி, திரையில் இருந்த ஊர்ப் பெயரை நிதானமாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பவாச்சும் என்னைத் தூங்க விடுவியா?"

பையிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து எனக்கும் ஒட்டி, தனக்கும் ஒட்டிக்கொண்டு, ஈர உடையோடு பாயில் படுத்தாள். மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் எழுந்திருக்கவே இல்லை. அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் சும்மா இருந்தது அன்றுதான். திட்டு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் மினுங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் எனக்குள் ஏதோ இலகுவானது.

இப்போது வாரம் ஒரு மாலை நகர நீச்சல் குளத்தில் அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மிதக்கிறாள். வருகிற வாரம் அந்தக் கையையும் எடுத்துப் பார்க்கிறேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அதுவரை பக்கத்தில் நிற்க எனக்கு நேரம் இருக்கிறது.