பெயர் மாறிய நாளில் வாசலில் நின்றவர்

தமிழரசி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சென்னை விமான நிலையத்தில் கையில் மைக்குடன் நின்றுகொண்டிருந்தேன். "அரசி காலையில போயிருச்சும்மா" என்று அவர் கணவர் திண்டுக்கல்லிலிருந்து அனுப்பியிருந்தார். சில காலமாகவே சிறுநீரகம் படுத்திக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் மனம் ஏற்கவில்லை. பயணிகளை அழைக்கவேண்டிய நேரம். அறிவிப்பில் எங்கள் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக 'குறிஞ்சி ஏர்' என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தப் பெயரில் எதுவும் பறப்பதில்லை. வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திருத்திச் சொன்னேன்.

குறிஞ்சி ஏரில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெட்டியார்சத்திரம் பக்கம் காய்கறி விவசாயம் செய்த குடும்பம். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தவர், அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரை விமான நிலையத்துக்கு வருவார். எங்களுடையவை சின்ன விமானங்கள். இறக்கையில் விசிறி சுற்றும். "இதுலயா ஏறச் சொல்றீக?" என்று பயப்படுகிறவர்களிடம், "விசிறி சுத்துனாத்தேன் காத்து வரும். தைரியமா ஏறுங்க" என்பார். சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

ஒருநாள், குறிஞ்சி ஏரை நடத்திவந்த பெரிய நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இனி எல்லாமே அந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரில்தான் நடக்கும், பலகை, சீருடை எல்லாம் ஒரே நாளில் மாறும், பழைய பெயர் யார் வாயிலும் வரக்கூடாது என்றார். எங்களுக்கெல்லாம் வேலை இருக்குமா என்பதுதான் கவலை. அக்கா மட்டும் கேட்டார்: "ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவுகளுக்கு யார் சார் சொல்றது?"

"எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கும்மா."

"தமிழ்லயா சார்?"

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

பெயர் மாறிய அன்று நாங்கள் எல்லோரும் புது நீலப் புடவையில் வந்தோம். அக்கா மட்டும் பழைய இலைப்பச்சைப் புடவையில் வந்து, கவுண்டருக்குள் வராமல் வெளிவாசலிலேயே நின்றுகொண்டார். சீருடையின் நிறத்தைப் பார்த்துச் சிலர் அவரிடம் வந்து விசாரித்துவிட்டு உள்ளே போனார்கள். சின்னாளப்பட்டியிலிருந்து வந்த நெசவாளர் தம்பதி மட்டும் வாசல்வரைகூட வரவில்லை. சென்னையில் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயரை வெளிப் பலகைகளில் தேடிப் பார்த்துவிட்டு, பையோடு பஸ் நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா ஓடிப்போய் மறித்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"கம்பெனிய மூடிட்டாக போலருக்கு தாயி. போர்டையே காணோம். எம் மக அங்க தனியாக் கெடக்குறா" என்று அந்த அம்மா அழுதார்.

"போர்டுதேன் மாறியிருக்கு. பிளேனு அதேதேன், ஓட்டுறவரும் அவரேதேன். கண்ணத் தொடச்சுட்டு வாங்க" என்று பையை வாங்கிக்கொண்டார் அக்கா.

அவர்களோடு உள்ளே நுழைந்தபோது, புதுப் பலகைக்கு முன்னால் புகைப்படம் எடுக்க எல்லோரும் காத்திருந்தார்கள். பச்சைப் புடவையைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே மாற்றச் சொன்னார்.

"இந்தக் கலரத் தேடித்தேன் சார் வாராக. கடைசி ஆளு ஏறட்டும், மாத்திக்கிறேன்."

"மாத்தலேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

அக்கா மறுபடி வாசலுக்குப் போனார். படம் அவர் இல்லாமலே எடுக்கப்பட்டது. விமானம் கிளம்பிய பிறகே புடவையை மாற்றினார். சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார். தாயும் சேயும் நலம். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனம் தன்னோடு எடுத்துக்கொண்டவர்களின் பட்டியல் பிறகு வந்தபோது, அதில் அவர் பெயர் இல்லை. நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கொதித்தபோது என் வாயைப் பொத்தினார். "நீ இருடி. உள்ளுக்குள்ள நம்ம ஆளு ஒருத்தராச்சும் இருக்கணும்ல? பேரு மாறுனா மாறட்டும். நம்மள நம்பி வந்தவுக ஊரு போய்ச் சேரணும், அம்புட்டுத்தேன்."

பிறகு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்ன டிக்கெட் கடை போட்டார். முதன்முறை விமானம் ஏறும் வயசானவர்களோடு தானே பஸ் ஏறி மதுரைவரை வருவார். எனக்குச் சென்னைக்கு மாற்றல் வரும்வரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கையசைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடம்பு இடம்கொடுத்தவரை அதை விடவில்லை.

அவர் பொறுமையில் பாதிகூட எனக்கு வாய்க்கவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி கேட்டால் அக்கா கையை நீட்டி 'அந்தப் பக்கம்' என்று சொன்னதே இல்லை. "வாங்க, நானும் அங்கிட்டுத்தேன் போறேன்" என்று கூடவே நடந்துவிடுவார். இந்தப் பெரிய விமான நிலையத்தில் தினமும் யாராவது என்னிடம் வழி கேட்கிறார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லாவிட்டாலும், நானும் அங்கேதான் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடக்கிறேன்.